இயற்கை விவசாயம் செய்பவர் ஏன் சான்று வாங்குவதில்லை?

உரமூட்டை வாங்கி இருபது வருஷம் ஆகியிருக்கும். பூச்சிமருந்து வாசனையே வயலில் கிடையாது. கொட்டகையில் நாலு மாடு, வாய்க்கால் ஓரத்தில் ஜீவாமிர்த டிரம். அப்படிப்பட்ட ஒரு விவசாயியிடம் "அங்ககச் சான்று வாங்கிட்டீங்களா?" (ரசாயனம் இல்லாமல் விளைவித்தது என்பதற்கான சான்று) என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதே நேரம் பக்கத்து ஊரில், போன பட்டம் வரை யூரியா தூவியவர் ஒரு குழுவில் சேர்ந்து சான்றுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்.

முதலாமவருக்கு இயற்கை விவசாயத்தில் நம்பிக்கை குறைவு, இரண்டாமவருக்கு அதிகம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ரசாயனம் இல்லாமல் விளைவிப்பது ஒரு முடிவு. அதற்குச் சான்று வாங்குவது முற்றிலும் வேறொரு முடிவு. முதல் முடிவை மண், உடம்பு, குடும்பம், கடன் எல்லாம் சேர்ந்து எடுக்க வைக்கின்றன. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு மாறியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் பலர் இன்றுவரை ஒரு சான்றிதழையும் கையில் வாங்கியதில்லை. இரண்டாவது முடிவை எடுக்க வைப்பவை வேறு. அவை என்னென்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சான்று யாருக்காக?

சாதாரண அரிசியையும் இயற்கை அரிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சமைத்துச் சாப்பிட்டாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. விளைவித்த விதத்தை விளைபொருள் தன் மேல் எழுதிக்கொண்டு வருவதில்லை. அப்படியென்றால் வாங்குபவர் யாரையாவது நம்பியாக வேண்டும். தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் பால் வாங்கும்போது அவர் முகத்தை நம்புகிறோம், கடையில் பாக்கெட் வாங்கும்போது பாக்கெட்டில் அச்சடித்ததை நம்புகிறோம். இயற்கை விளைபொருளில் அந்த அச்சின் வேலையைச் செய்வதுதான் சான்று.

அதாவது, விவசாயியின் முகம் தெரியாத ஒருவர் வாங்கும்போதுதான் சான்றுக்கு வேலை வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இந்தியாவில் இதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, 2001இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். என்.பி.ஓ.பி. என்பார்கள். ஏற்றுமதியைக் கவனிக்கும் அபெடா இதை நடத்துகிறது. அபெடா அங்கீகாரம் பெற்ற ஒரு மூன்றாம் தரப்பு அமைப்பு வயலுக்கு ஆய்வாளரை அனுப்பி, பார்த்து, சான்று தரும். தமிழ்நாட்டில் அந்த வேலைக்காகக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007இல் ஓர் அரசுத் துறையே ஏற்படுத்தப்பட்டது. தனியார் சான்று நிறுவனங்களும் உண்டு.

இன்னொன்று பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் வெளியாள் வருவதில்லை. ஒரே பகுதியில் இருக்கும் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, ஒருவருக்கொருவர் உத்தரவாதம் கொடுப்பார்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் இந்தச் சான்றை வைத்து ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டுச் சந்தையில் இரண்டு சான்றுகளும் செல்லும். கடைப் பாக்கெட்டில் நாம் பார்க்கும் 'ஜைவிக் பாரத்' முத்திரையை இரண்டு வழியில் வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இனி வாங்குபவரைப் பார்ப்போம்.

காவிரி டெல்டாவில் நெல் வாங்கும் பெரிய ஆள் அரசுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கினால் இரண்டு கேள்விதான்: சன்ன ரகமா, பொது ரகமா? ஈரப்பதம் எவ்வளவு? இயற்கையில் விளைந்ததா என்ற கேள்வியே அங்கே கிடையாது, அதற்குத் தனி விலையும் கிடையாது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்திலும் விரலியா கிழங்கா, காய்ந்திருக்கிறதா, நிறம் எப்படி என்றுதான் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட சந்தைக்கு விற்பவரிடம் போய்ச் சான்றின் அருமை பெருமைகளைப் பேசினால் அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்பு கவுனியோ போட்டு, தெரிந்தவர்களுக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்களுக்கும் நேரடியாக அரிசி அனுப்பும் விவசாயி. அவருக்கும் சான்று தேவைப்படுவதில்லை, ஆனால் காரணம் வேறு. அவரிடம் வாங்குபவர்கள் அவரையே நம்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வயலைப் பார்த்துவிட்டும் போகிறார்கள். இயற்கை உணவுக்கான மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளும், சிறு உற்பத்தியாளர் தானே நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்று கட்டாயமில்லை என்று விலக்கு அளித்திருக்கின்றன. முத்திரை மட்டும் போட முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்குத்தான் சான்று உண்மையாகவே பணமாக மாறுகிறது. நீலகிரித் தேயிலை, இடுக்கி மிளகு, ஐரோப்பாவுக்குப் போகும் எள், பருத்தி. அங்கே வாங்குபவருக்கு விவசாயியின் ஊர்ப்பெயரைக்கூட உச்சரிக்க வராது. சான்று இல்லாவிட்டால் அந்தச் சரக்கு அவரைப் பொறுத்தவரை சாதாரணச் சரக்கு. நகரத்துப் பெரிய கடைகளுக்குக் கொடுப்பவர்கள், இணையத்தில் பிராண்டாக விற்பவர்கள், இவர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் எல்லாரும் இந்த வரிசையில் வருவார்கள்.

ஆகவே ஒரு விவசாயி சான்று வாங்க விரும்புவாரா என்று கணிக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நான் அவரது வயது, படிப்பு, நில அளவு எதையும் கேட்க மாட்டேன். "அறுவடையை யாருக்குக் கொடுக்கிறீங்க?" என்றுதான் கேட்பேன்.

நடுவில் இருக்கும் வருஷங்கள்

சான்று கேட்டதும் கிடைத்துவிடாது. நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் குறைந்தது 3 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லா விதியையும் கடைப்பிடிக்க வேண்டும், ஆனால் முழுமையான 'அங்கக' விளைபொருள் என்று விற்க முடியாது. விளைச்சல் குறையும் காலமும் இதுதான். ரசாயனத்துக்குப் பழகிய மண் திரும்பி வர நேரம் எடுக்கும். களையும் பூச்சியும் அதுவரை சும்மா இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர் மாறும். ஒருவருக்கு இரண்டு ஏக்கர், வருஷத்துக்கு ஒரு போகம் நெல். ரசாயன முறையில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை எடுக்கிறார். மொத்தம் 3,600 கிலோ. கிலோ 24 ரூபாய் என்றால் 86,400 ரூபாய். மாறிய வருஷம் ஏக்கருக்கு 22 மூட்டையாகக் குறைகிறது. 2,640 கிலோ, அதே விலைக்கு 63,360 ரூபாய். வரவில் 23,040 ரூபாய் இடிக்கிறது. உரமும் மருந்தும் வாங்காததில் 12,000 மிச்சம். களையெடுக்கக் கூடுதல் ஆள்கூலி 8,000 போக, கையில் நிற்பது 4,000. ஆக முதல் வருஷ நஷ்டம் 19,040. இரண்டு வருஷமும் இப்படியே போனால் 38,080.

மூன்றாம் வருஷம் மண் கொஞ்சம் தேறி 26 மூட்டை வருகிறது, சான்றும் வந்து கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,120 கிலோவுக்கு 93,600. பழைய வரவைவிட 7,200 அதிகம், செலவில் மிச்சமான 4,000 சேர்த்தால் 11,200. முதல் இரண்டு வருஷம் விட்டதைப் பிடிக்க இன்னும் மூன்றரை வருஷம் ஆகும். அந்த 6 ரூபாய் கிடைக்காமல் அரசுக் கொள்முதல் நிலையத்திலேயே போட வேண்டி வந்தால்? 74,880தான் வரும். வருஷா வருஷம் 7,520 ரூபாய் நஷ்டம், கையில் சான்றோடு.

இந்தக் கணக்கில் சான்றுக் கட்டணத்தை நான் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அரசுத் துறையின் கட்டணம் சிறு, குறு விவசாயிக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பி.ஜி.எஸ்.சில் அதுவும் இல்லை. "கட்டணம் அதிகம், அதனால்தான் விவசாயிகள் தயங்குகிறார்கள்" என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. தனியார் நிறுவனத்திடம் தனி ஆளாகப் போனால் அது உண்மைதான். மற்றபடி, உண்மையான செலவு இந்தக் காத்திருப்பு வருஷங்களில் இருக்கிறது. கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் ஏன் பெரிதாக எடுபடுவதில்லை என்பதற்கும் இதுவே விடை.

2015இல் மத்திய அரசு தொடங்கிய பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பப் பார்க்கிறது. விவசாயிகளைத் தொகுப்பாகச் சேர்த்து, 3 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் ஒதுக்கும் திட்டம் அது. அதில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது 15,000. நம் இரண்டு ஏக்கர்காரருக்கு இது மொத்தமாக 12,000 ரூபாய் அளவுக்கு வரும். 38,080 நஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு முடிந்து உதவி நிற்கும்போது வாங்க ஆள் தயாராக இல்லை என்றால், அடுத்த வருஷம் சான்றைப் புதுப்பிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

வருமானத்துக்கு வேறு வழி உள்ளவர்கள் இதில் துணிந்து இறங்குவதற்குக் காரணமும் புரிகிறது. ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே நிலம் வாங்கியவர், ஓய்வூதியம் வரும் ஆசிரியர், வெளிநாட்டில் மகன் இருப்பவர். அவர்கள் மற்றவர்களைவிடக் கொள்கைப்பிடிப்பு உள்ளவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருஷம் குறைந்தாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும். நகைக்கடன் வைத்து நடவு போடுபவருக்கு அந்தத் தெம்பு கிடையாது.

தண்ணீரும் பட்டாவும்

பணத்தை விட்டுவிட்டு வயலுக்கு வருவோம். மேட்டுநிலத்தில் கிணற்றுப் பாசனம் வைத்திருப்பவருக்குச் சான்று ஒப்பீட்டளவில் எளிது. தன் தண்ணீர், தன் வரப்பு. டெல்டாவில் அப்படி இல்லை. வாய்க்கால் தண்ணீர் பல இடங்களில் வயல் விட்டு வயல் பாயும். மேல்மடைக்காரர் காலையில் யூரியா போட்டால், அந்தத் தண்ணீர் வரப்பு உடைத்து வழிந்து கீழ்மடைக்காரர் வயலுக்குத்தான் வரும். அவர் எத்தனை சுத்தமாக விவசாயம் செய்தாலும் தண்ணீர் அவர் பேச்சைக் கேட்பதில்லை. காற்றும் அப்படியே. பக்கத்து வயலில் ஸ்பிரேயர் அடிக்கும்போது சாரல் இங்கே விழும்.

இதற்காகத்தான் விதிகள் இடைவெளிப் பகுதி கேட்கின்றன. வயலின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, உயரமாக வளரும் செடியை வேலியாக நட வேண்டும், தண்ணீர் வரும் வழியில் தடுப்பு வைக்க வேண்டும். பத்து ஏக்கர்காரர் ஓரத்தில் இரண்டு மீட்டர் விடுவது பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு நில உடைமையின் சராசரி அளவே 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் மூன்று துண்டாகக் கிடக்கும். நாலு பக்கமும் இடம் விட்டால் நடுவில் மிஞ்சுவது என்ன?

பக்கத்து வயல்காரரும் சேர்ந்து மாறினால் இந்தப் பிரச்சினை பாதிக்குப் பாதி கரைந்துவிடும். குழுவாகச் சான்று வாங்குவதன் பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து. கட்டணம் பகிர்வது அப்புறம்தான்.

அடுத்தது பட்டா. விண்ணப்பத்தோடு பண்ணை வரைபடம், மண் மற்றும் பாசனத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த்திட்டம், ஆதார், பான் எண் எல்லாம் கேட்பார்கள். நிலத்தின் சிட்டாவும் வேண்டும். உழுபவர் பேரன், பட்டா தாத்தா பெயரில். அல்லது நான்கு பங்காளிகள் சேர்ந்த கூட்டுப்பட்டா, அதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையில் இல்லை. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் செய்பவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. அதைவிட, அடுத்த வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமா என்றே தெரியாதவர் எதற்காக மூன்று வருஷம் மண்ணைத் தேற்ற வேண்டும்? தேறியதும் நிலச்சொந்தக்காரர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? பெண்களுக்கும் இதே சிக்கல்தான். களையெடுப்பும் மாட்டுப் பராமரிப்பும் பஞ்சகவ்யம் கரைப்பதும் அவர்கள் கையில். பட்டாவில் பெயர் மட்டும் வேறு.

'விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு அலைந்துகொண்டிருப்பவருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தி என்ன செய்வது?

குறிப்பேடும் ரைஸ் மில்லும்

சான்று முறை கேட்பது விவசாயத்தை மட்டும் இல்லை, விவசாயத்தின் பதிவையும்தான். விதை எங்கே வாங்கியது, அது மருந்து நேர்த்தி செய்யாத விதையா, எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் மீன் அமிலம் தெளித்தது, எரு சொந்த மாட்டுடையதா வெளியில் வாங்கியதா, அறுவடை எத்தனை மூட்டை, எங்கே அடுக்கினது, யாருக்கு விற்றது, ரசீது எங்கே. பண்ணைக் குறிப்பேட்டில் இதெல்லாம் இருக்க வேண்டும். ஆய்வாளர் வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு வருவார், சொல்லாமலும் வரலாம்.

மேலே சொன்ன இருபது வருஷக்காரருக்கு இங்கேதான் எரிச்சல் வரும். தகுந்த ஆதாரம் காட்டினால் மாறுதல் காலத்தைக் குறைத்துத் தரவும் விதிகளில் இடமுண்டு. ஆனால் அவரிடம் ஆதாரம் எங்கே இருக்கும்? உரம் வாங்காததற்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

அறுவடையன்றும் வேலை முடிந்துவிடாது. வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் முந்தின நாள் யார் வயலில் அறுத்ததோ அவர் நெல் அதன் வயிற்றில் மிச்சம் இருக்கும். சுத்தம் செய்த பிறகே இறக்க வேண்டும். சீசனில் மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது "கொஞ்சம் நிறுத்திச் சுத்தம் பண்ணுங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லிப் பாருங்கள். சாக்கு யூரியா வந்த சாக்காக இருக்கக்கூடாது. நெல்லை அடுக்கும் இடத்தில் வண்டுக்கு மாத்திரை வைக்கக்கூடாது.

அப்புறம் ரைஸ் மில். பண்ணைக்கு வாங்கிய சான்று நெல்லோடு நின்றுவிடும். அதை அரிசியாக்கி, பாக்கெட் போட்டு, முத்திரையோடு விற்க வேண்டுமென்றால் அரைத்த இடமும் பாக்கெட் போட்ட இடமும் சான்றுக்குள் வர வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மில் இல்லையென்றால் சான்று பெற்ற நெல் சாதாரண மில்லுக்குப் போய்ச் சாதாரண அரிசியாகத் திரும்பி வரும். வயலில் மூன்று வருஷம் பட்ட பாடு மில் வாசலில் மறைந்துவிடுகிறது. அதிகம் பேசப்படாத காரணம் இது. ஆனால் ஒரு பகுதியில் சான்று பரவுமா பரவாதா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

ஆராய்ச்சியாளர்கள் இந்த 'விருப்பம்' என்பதை அளக்க அடிக்கடி எடுத்துக்கொள்வது திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. ஐசெக் அய்சன் என்ற சமூக உளவியலாளர் முன்வைத்தது. 1991இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஒரு காரியத்தைச் செய்ய மனிதர் நினைப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்கிறார். அது நல்லது என்று அவர் நினைக்கிறாரா? அவர் மதிக்கும் ஆட்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? தன்னால் முடியும் என்று அவருக்குத் தோன்றுகிறதா?

முதலாவது பெரும்பாலும் ஆம்தான். இயற்கை விவசாயம் கெட்டது என்று சொல்லும் விவசாயியை நான் பார்த்ததில்லை. மூன்றாவது, நாம் இதுவரை பேசிய தண்ணீர், பட்டா, குறிப்பேடு, மில். இரண்டாவதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஊரில் வயலைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவார்கள். கரும்பச்சையாக நிற்கும் வயலுக்கு நடுவே ஒருவர் வயல் மட்டும் வெளிறி நின்றால், டீக்கடையில் அன்று அதுதான் பேச்சு. "என்ன மாப்ள, வயலைப் பட்டினி போட்டுட்டியா?" வீட்டில் அப்பா ஒரு வார்த்தை, மாமனார் ஒரு வார்த்தை. முதல் வருஷத்தை மனசளவில் தாண்டுவதே பெரும்பாடு. அதே ஊரில் ஏற்கெனவே ஒருவர் மாறி, சான்றும் வாங்கி, நல்ல விலைக்கும் விற்றிருந்தால் நிலைமை தலைகீழ். எந்தத் துண்டுப்பிரசுரமும் செய்யாத வேலையை அவர் விற்ற ரசீது செய்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. நம்பி மாறி, விற்க முடியாமல் திரும்பிய ஒருவர் ஊரில் இருந்தால், பத்து வருஷத்துக்கு அங்கே யாரும் சான்று பற்றிப் பேச வேண்டியதில்லை.

வயதும் படிப்பும் இதில் எங்கே வருகின்றன? வருகின்றன, ஆனால் சுற்றி வளைத்து. படித்தவருக்குக் குறிப்பேடு பாரமாகத் தெரியாது, இணையப் பதிவுக்கு இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை, நகரத்தில் வாங்குபவரிடம் பேசத் தெரியும். அவ்வளவுதான். அந்த வேலைகளை ஒரு குழுவின் பணியாளர் செய்துகொடுத்தால் படிக்காதவரும் அதே அளவு முன்வருவார். உலகிலேயே அதிக எண்ணிக்கையில் சான்றுபெற்ற இயற்கை விவசாயிகள் உள்ள நாடு இந்தியா என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் தனித்தனியாக விண்ணப்பித்தவர்கள் இல்லை, குழுக்களில் இருப்பவர்கள்.

குழு என்றால் இன்னொரு கேள்வி வருகிறது. சான்று யார் கையில்? குழுச் சான்றில் சான்றிதழ் குழுவின் பெயரில்தான் இருக்கும். உறுப்பினர் அதைக் காட்டித் தனியாக வெளியில் விற்க முடியாது. குழுவைக் கட்டி, பணம் போட்டு நடத்துபவர் ஒரு வியாபாரி அல்லது ஏற்றுமதியாளர் என்றால், அவர் சொல்வதுதான் விலை. அவர் அந்த வருஷம் எடுக்கவில்லையென்றால், மூன்று வருஷம் கஷ்டப்பட்ட விளைபொருள் சாதாரணச் சந்தைக்குப் போகும். இதில் ஒருமுறை சூடுபட்டவர் அடுத்த குழு வரும்போது கையெழுத்துப் போட யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். குழு விவசாயிகளுடையதாக இருந்தால், கணக்கு வழக்கு எல்லாருக்கும் தெரிந்தால், தயக்கம் தானாகக் குறைகிறது.

தூரத்தில் நடப்பதும் வந்து தைக்கும். 2020இல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இந்தியாவில் வேலை செய்த சில சான்று நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அமெரிக்காவும் 2021இல் அபெடாவின் சான்று முறைக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. எத்திலீன் ஆக்சைடு வயலில் தெளிக்கும் மருந்து இல்லை, அறுவடைக்குப் பின் கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்துவது. விவசாயிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தை அடைபட்டபோது அடி விழுந்தது மட்டும் அவருக்கும்தான்.

விருப்பத்தையே கேட்காத இடங்களும் உண்டு. சிக்கிம் 2003இல் இயற்கை மாநிலமாக மாற முடிவெடுத்து, படிப்படியாக ரசாயனத்தை நிறுத்தி, ஏறக்குறைய 75,000 ஹெக்டேருக்குச் சான்று வாங்கி, 2016 ஜனவரியில் முழு இயற்கை மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், செலவை அரசு ஏற்றது. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கி, நவம்பருக்குள் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அங்கே 'இயற்கை' என்ற பேச்சை எடுத்தாலே விவசாயிகள் முகம் சுளிக்க அந்த ஏழு மாதம் போதுமானதாக இருந்தது. மூன்றாவதாக ஒரு வழி நிக்கோபாரில் நடந்தது. கார் நிக்கோபார், நான்கௌரி தீவுகளில் காலங்காலமாக ரசாயனமே போகவில்லை. அதைச் சரிபார்த்து 2021இல் 14,491 ஹெக்டேருக்கு மொத்தமாகச் சான்று கொடுத்தார்கள். தனித்தனி விவசாயி இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. ரசாயனம் அதிகம் எட்டாத நம் மலைப்பகுதிச் சிறுதானிய நிலங்களுக்கும் இந்த வழி பொருந்துமா என்று பார்க்கலாம்.

கடைசியாக, கருத்துக்கணிப்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "சான்று வாங்க விருப்பமா?" என்று கேட்டால் பலரும் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். வீடு தேடி வந்தவரிடம் முகத்தில் அடித்த மாதிரி 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. "இரண்டு வருஷம் விளைச்சல் குறையும், கிலோவுக்கு இவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும், அப்போதும் வருவீர்களா?" என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் கொஞ்சமாவது உதவும். அப்படிக் கேட்ட ஆய்வா, இல்லையா என்று பார்த்துவிட்டு அதன் சதவீதங்களை நம்பலாம்.

இதைப் படிப்பவர்களில் சான்றுக்குப் போகலாமா என்று யோசிக்கும் விவசாயிகள் இருந்தால், விண்ணப்பம் வாங்கும் முன் மூன்று இடத்துக்குப் போய் வாருங்கள். வாங்கப்போகிறவரிடம் போய் எவ்வளவு எடுப்பார், என்ன விலை, மாறுதல் காலச் சரக்கையும் எடுப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். மில்லுக்குப் போய்ச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மடைக்காரர் வீட்டுக்குப் போய் அவரும் சேர்வாரா என்று பேசுங்கள். உள்ளூரிலும் நகரத்துக் கடைகளிலும் விற்றால் போதும் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பி.ஜி.எஸ்., வெளிநாடு போக வேண்டுமென்றால் என்.பி.ஓ.பி. மாவட்டத்தில் இருக்கும் விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பமும் விவரமும் கிடைக்கும். போகும்போது சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.